குற்றாலீஸ்வரன் துண்டு போட்ட இடம்

பதினாறாம் நாள் விசேஷத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அருமைநாயகம் வந்தார். தென்காசி புது பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் நலச் சங்கத்தின் செயலாளர். அங்கேயே ஸ்வீட் கடை வைத்திருப்பவர். சிவகிரி வரைக்கும் கார் போட்டு வந்திருந்தார். சாப்பிட உட்காரச் சொன்னதும் மறுக்காமல் உட்கார்ந்தார். பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவி வந்து, மாலை போட்ட படத்தின் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“எம்மா நிவேதா, அப்பா படம் நல்லா வந்திருக்கு. இதே படத்த ஃபிளெக்ஸ்ல போட்டு நம்ம ஸ்டாண்டுல வைக்கலாம்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“விழிப்புணர்வுக்குத்தான். ஓடாதிய, வரிசையில ஏறுங்கன்னு மைக்ல கத்திக் கத்தி தொண்டை வத்திட்டு. எவன் கேக்கான்? ஒரு மனுசன் முகத்தோட போட்டா மனசுல பதியும்லா. இவரை மாதிரி ஆயிராதீங்கன்னு.”

நிவேதாவின் அம்மா குருவம்மாள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கணவன் செத்ததிலிருந்து யார் வந்தாலும் தலை நிமிர்த்தாதவள் அப்போது நிமிர்ந்தாள்.

“பெருசா வைப்பியளா?”

“ஆள் உசரத்துக்கு மேலயே இருக்கும் மதினி.”

“வைங்க. அந்த மனுசன் முகம் நாலு பேருக்குத் தெரியட்டும்.”

மகள் அப்படிச் சொல்லவில்லை. “நான் இடத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

“இடத்த என்னத்தப் பாக்க? அப்பா விழுந்த அதே இடந்தான்.”

“அதான். பாக்கணும்.”

அருமைநாயகம் அவளை மேலும் கீழும் பார்த்தார். படித்த பெண். கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை என்று கேள்விப்பட்டிருந்தார். “சரி, பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு. டிசைன் ரெடியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, வாசலில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போனார்.

அப்பாவின் முகம் ஒரு தூணில் தொங்கும். கீழே, கவனமில்லாமல் செத்தவன் என்று எழுதியிருக்கும். ஆனால் அருமைநாயகம் சொன்னதில் தப்பு எது என்று நிவேதாவால் சொல்ல முடியவில்லை. ஓடாதீங்க அப்பா என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

*

குற்றாலீஸ்வரன் தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். மீசை முளைத்த வயதில் சேர்ந்தவர், சாகும்வரை அங்கேதான். சேலையை உதறி விரிப்பது, முந்தியைக் காட்டுவது, பிடிக்கவில்லை என்றால் மடிப்பது. மடித்ததை மறுபடி விரிப்பது. எல்லாம் நின்றுகொண்டு. கடையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் முதலாளிக்கு ஆகாது. வராதபோது உட்கார்ந்திருந்தால் இன்னும் ஆகாது.

பிறகு, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாற்காலிகளும் வந்தன. அவற்றின் மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே அவருக்கு நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்ட மாட்டார். கேட்டால் “நல்லாவா இருக்கு, நாலு பேர் பாக்க?” என்பார்.

வீடு சிவகிரியில். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று மணி நேரம்தான் அவர் நாளில் உட்காரக் கிடைத்த நேரம். அதற்குத்தான் துண்டு.

பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருப்பார். முடிச்சு இருந்தால்தான் துண்டு காற்றில் அலையாமல் நேராகப் போய் விழும். ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் கம்பிக்கு நடுவே வீசுவார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். துண்டு விழுந்த சீட்டு விழுந்ததுதான். பைக்கும் மரியாதை உண்டு. கைக்குட்டை சந்தேகம். பேப்பரைப் போட்டால் எடுத்துப் படித்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். துண்டை மட்டும் எவனும் எடுத்துக் கீழே போட மாட்டான். போட்டால் ராஜபாளையம் வரைக்கும் சண்டை ஓயாது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த சீட்டில் அவர் உட்கார்ந்தாரா என்றால், பாதி நாள் இல்லை. கைக்குழந்தைக்காரி நிற்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரி நிற்பாள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு எவனாவது நிற்பான். “இங்கன வந்து உக்காரும்” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடையநல்லூரில் கூட்டம் இறங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சில நாள் கடையநல்லூரில் யாரும் இறங்க மாட்டார்கள்.

நிவேதாவுக்கு இது பெருமையாக இருந்ததே இல்லை. கல்லூரியில் சேர்ந்த அன்று திருநெல்வேலி பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடிக்க அவர் வீசிய துண்டு, உள்ளே ஒரு அம்மா பிரித்துவைத்திருந்த புளியோதரையில் விழுந்தது. “கண்ணு பொட்டையாவே?” என்று அந்த அம்மா எழுந்து நின்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். புளியோதரைத் துண்டைக் குழாயில் அலசிப் பிழிந்துகொண்டு, “நீ போய் உக்காரு, சீட்டு ஒன்னுதான்” என்றார்.

பிறகு அவள் வேலைக்குப் போய், நாலு ஊர் பார்த்த பிறகு, போனில் சொல்வாள்: “அப்பா, இப்பத்தான் புது ஸ்டாண்டு கட்டியிருக்காங்களே. வரிசையில நின்னு ஏறுங்க. ஓடாதீங்க.”

“நிக்கிறதா? கடையிலதான் நிக்கேனே” என்பார்.

*

விசேஷம் முடிந்த மறுநாளே நிவேதா தென்காசிக்குப் போனாள். அடுத்தடுத்த நாட்களும் போனாள். அவள் வேலையே அதுதான். ஒரு இடத்தில் ஜனங்கள் எப்படி வருவார்கள், எங்கே தேங்குவார்கள், எங்கே முட்டிக்கொள்வார்கள் என்று பார்த்துச் சொல்வது. லீவு மிச்சம் இருந்தது. உட்கார்ந்து பார்த்தாள்.

குற்றாலம் ரோட்டில் கட்டிய அந்த இடத்துக்குக் கல்வெட்டில் ‘சாரல் சதுக்கம்’ என்று பெயர். எவரும் அப்படிச் சொல்வதில்லை. புது ஸ்டாண்டுதான். நுழைவாயிலில் கட்டுமானக் காலத்துத் தட்டி ஒன்று இன்னும் கழற்றாமல் நின்றது. சதுக்கம் எப்படி இருக்கப் போகிறது என்று கம்ப்யூட்டரில் வரைந்த படம். அதில் நீல வானம். கையில் பலூனோடு ஒரு சிறுமி. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன். மூட்டை இல்லை, குடை இல்லை, கைக்குழந்தை இல்லை, முட்டு வீங்கியவர் இல்லை. பஸ் ஒரே ஒன்று, அதுவும் காலி. அந்த நாய்க்காரனை அவளுக்குத் தெரியும். அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அவன் இருக்கிறான். எந்த ஊர்ப் படத்திலும் அவனைக் கொண்டுவந்து நிறுத்தலாம்.

கூரை, கப்பல் பாய் மாதிரி உயரத்தில் வளைந்து நின்றது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சாரல் மேலிருந்து விழுகிற மழை இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு படுத்துக்கொண்டு வருவது. அதற்கு வேண்டியது சுவர். இவர்கள் கட்டியது கூரை. ஆனி மாதம் முழுக்க, சாரலின் பெயர் வைத்த சதுக்கத்தில் சாரலுக்கு ஒதுங்க ஒரு மூலை கிடையாது. எஃகு பெஞ்சுகள் எல்லாம் நனைந்து கிடந்தன. யாரும் படுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவே கம்பி வைத்திருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்தவள் அதில் உட்கார முடியாது. பெஞ்சுகளை நடுவில் நீரூற்றைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். நீரூற்றில் தண்ணீர் வந்து நாளாயிற்று. ரம்புட்டான் தோலும், ஷாம்பு பாக்கெட்டும், சுருட்டி எறிந்த குழந்தை ஜட்டிகளும் கிடந்து ஊறின.

சீசன் கூட்டம் அருவியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து இறங்கியது. நனைந்த உள்ளாடைகளைப் பெஞ்சுக் கம்பிகளில் காயப்போட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பரோட்டா தின்றார்கள். ‘ஐ லவ் தென்காசி’ என்று ஆளுயர எழுத்துகள் நட்டு இரவில் எரிய விளக்கு வைத்திருந்தார்கள். எழுத்துக்கு முன்னால் குடும்பங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. எழுத்துக்குப் பின்னால் ஆண்கள் வரிசையாக நின்று ஒன்றுக்கு இருந்தார்கள். அந்தச் சதுக்கத்தில் அவள் பார்த்த ஒரே ஒழுங்கான வரிசை அதுதான். கழிப்பறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் போட்டுப் பளபளவென்று கட்டி, பூட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டாள். கேட்ட இடத்திலெல்லாம் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

பஸ் நிற்க வேண்டிய இடங்களுக்கு ஊர்ப் பெயர் எழுதி, கோடு போட்டு, கம்பி நட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் டூரிஸ்ட் வேன்கள் நின்றன. காலியாக இருந்தாலும் டிரைவர்கள் உள்ளே விடுவதில்லை. உள்ளே விட்டால் பின்னால் எடுத்து வெளியே வர வேண்டும். பின்னால் எடுத்தால் பெஞ்சிலிருந்து வருகிற கூட்டம் குறுக்கே வரும். ஆகவே நீரூற்றைச் சுற்றித் திரும்பும் வளைவிலேயே வேகத்தைக் குறைப்பார்கள். கண்டக்டர் விசில் ஊதுவார். ஏறுகிறவன் ஏறலாம். நிற்கிறவன் நிற்கலாம். வளைவின் ஓரம் முழுக்க வழுவழுவென்று மெருகேற்றிய கிரானைட். அதன் மேல் சாரல்.

மைக் மட்டும் ஓயாமல் சொன்னது: “பயணிகள் தங்களுக்கு உரிய இடத்தில் வரிசையாக நிற்கவும்.” நின்றார்கள் சிலர். வெளியூர்க்காரர்கள். நிற்கிற இடத்துக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை.

வளைவின் ஓரத்தில் தள்ளுவண்டியில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த பாண்டி அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

“நீங்க குத்தாலம் அண்ணாச்சி மகதானே? மூக்கு அப்படியே இருக்கு.”

“ஆமா.”

“டெய்லி வாரிய, உக்காருதிய, போறிய. பழமும் வாங்க மாட்டேங்குதிய. கோர்ட்டுல இருந்து ஆள் போட்டிருக்காவளோன்னு நெனச்சேன்.”

“நீங்க பாத்தீங்களா?”

பாண்டி கத்தியைத் துடைத்தான். மங்குஸ்தான் ஒன்றைச் சுற்றிக் கீறி, இரண்டாகத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினான். “பாத்தேன். அண்ணாச்சி ஓடுனாவ. துண்டு உள்ள விழுந்துட்டு. கால் வழுக்கிட்டு. பின் சக்கரம். அம்புட்டுத்தான். வலிச்சிருக்காது.”

“யாருக்கு இடம் பிடிச்சாங்க?”

“புளியங்குடிக்காரி ஒருத்தி. முட்டுவலி. வியாழக்கிழமை தோறும் வைத்தியத்துக்கு வருவா. பேரு அலிமா. மாப்பிள்ளை துபாய்ல. நாளைக்குக்கூட வருவா.”

பழம் கையில் இருந்தது. வெள்ளைச் சுளை. அவளால் தின்ன முடியவில்லை. யாரோ ஒரு புளியங்குடிக்காரியின் முட்டுக்காக. சொந்தக் காலில் நரம்பு வெடிக்க நின்ற மனிதன். அப்பாவின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

*

அலிமா தடித்த உடம்புக்காரி. நாற்பது வயதிருக்கும். பர்தாவின் விளிம்பு சேறாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது காலைப் பக்கவாட்டில் வீசி வைத்து நடந்தாள். நிவேதா எழுந்து போய்ப் பெயரைச் சொன்னதும் நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அல்லாவே. அண்ணாச்சி மகளா நீ?”

பையைத் தரையில் வைத்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, பாலிதீன் கவரில் மடித்துவைத்த துண்டை எடுத்தாள். பச்சைக் கரை. துவைத்து மடித்திருந்தது. முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை.

“வாரா வாரம் இதக் கொண்டாருதேன். யாருட்ட குடுக்கன்னு தெரியல. கடையில குடுக்கலாம்னா உள்ள போகப் பயமா இருக்கு. ‘நீதான அந்தப் பொம்பளை’ன்னு கேட்டுட்டா?”

நிவேதா கேட்க நினைத்ததும் அதுதான். கேட்கவில்லை.

“நான் சொல்லியிருக்கேன்ம்மா. அண்ணாச்சி, ஒங்களுக்கு இந்த ஓட்டம் வேண்டாம், நான் நின்னுக்கிட்டே போறேன்னு. அதுக்கு அவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி, நீ சொல்லாத’ன்னாக. அன்னிக்கும் நான் அந்தா, அந்தக் கம்பிக்குள்ளதான் நின்னேன். மைக்ல சொல்லுதானேன்னு. பஸ் அங்க வரவே இல்ல.”

“சீட்ல உக்காந்தீங்களா?”

இது எதற்கு வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அலிமா கோபப்படவில்லை.

“சத்தம் கேட்டு பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. என்ன ஏதுன்னு தெரியாம முன்வாசல்ல ஏறிட்டேன். துண்டு கெடந்துச்சு. உக்காந்துட்டேன். அண்ணாச்சி பின்வாசல்ல ஏறி வருவாகன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஆளுக எல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாக்காக. அப்புறந்தான்…”

முடிக்கவில்லை. முடிப்பதற்குள் ராஜபாளையம் பஸ் நுழைவாயிலில் திரும்பியது.

பெஞ்சிலிருந்தும் கம்பிக்குள்ளிருந்தும் ஸ்வீட் கடை வாசலிலிருந்தும் கூட்டம் கிளம்பியது. அலிமா இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்துவைக்க முயன்றாள். “நீ போம்மா, நான் அடுத்ததுல போறேன்” என்றாள். அடுத்ததும் இப்படித்தான் வரும். நிவேதாவுக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்தவள் அவள்தானே.

துண்டு கையில் இருந்தது. ஓடினாள்.

ஒருவன் முழங்கையால் விலாவில் இடித்தான். எவளோ காலை மிதித்தாள். எண்ணெய்த் தலை ஒன்று அவள் வாய்க்குள் நுழையப் பார்த்தது. கிரானைட்டில் செருப்பு வழுக்கியது, கல்லின் சில்லிப்பு உள்ளங்கால் வரை ஏறியது. ஜன்னல் பக்கத்தில் வந்ததும் கை தானாக வீசிற்று. முடிச்சு முன்னால் போக, துண்டு பின்னால் இழுபட்டுப் போய், மூன்று பேர் சீட்டில் நடைவழி ஓரமாக விழுந்தது.

“ஏட்டி, படிச்ச புள்ள மாதிரி இருக்கே, இப்படிப் பாயுதே!” என்று உள்ளேயிருந்து ஒருவர் சொன்னார். சொன்னாரே தவிர, துண்டைத் தொடவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

காலை வீசி வீசி வந்து சேர்ந்த அலிமாவைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள். அலிமா போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், “ஜன்னல் ஓரம் கெடைக்கலையோ?” என்று கேட்டாள். பிறகு தான் கேட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் வளைவை விட்டு வெளியேறியபோதுதான் நிவேதாவுக்குத் துண்டின் நினைவு வந்தது. அது அலிமாவின் தொடைக்குக் கீழே, மறுபடியும் புளியங்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் உடம்பு முழுக்க யார் யாருடைய வேர்வையோ. ஓடியது தப்பு என்று இப்போதும் அவளால் விளக்க முடியும். படம் போட்டே விளக்க முடியும். ஓடாமல் அலிமாவை எப்படி ஏற்றுவது என்று மட்டும் விளக்க முடியாது.

நேரே ஸ்வீட் கடைக்குப் போனாள். அருமைநாயகம் மிக்சரில் கையை அளைந்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஃபிளெக்ஸ் வேண்டாம்.”

“எந்த ஃபிளெக்ஸ்?”

“அப்பா ஃபிளெக்ஸ். அவங்க கவனமில்லாம சாகல. பஸ் நிக்க வேண்டிய எடத்துல நின்னிருந்தா ஓடியிருக்க மாட்டாங்க. அந்தக் கல்லு வழுக்குது. அத மாத்தச் சொல்லுங்க முதல்ல.”

“கல்லையெல்லாம் நம்ம சங்கம் மாத்த முடியுமா தாயி? நமக்கு முடிஞ்சது ஃபிளெக்ஸ்தான்.” மிக்சரைத் தட்டில் தட்டினார். “அதுவும் அச்சாயிட்டு. அம்மா சரின்னுட்டாவள்ளா. நாளைக்குக் காலையில கட்டிருவான்.”

“நான் சரின்னு சொல்லலையே.”

“பாத்துட்டுச் சொல்லுதேன்னியே. கட்டுனப்புறம் பாத்துட்டுச் சொல்லு.”

*

மறுநாள் சாரல் பலமாக அடித்தது. பொதிகைப் பக்கம் மலையே தெரியவில்லை. அவள் இறங்கும்போதே ஃபிளெக்ஸ் தெரிந்தது. சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே, பஸ் திரும்பும் வளைவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

மேலே சங்க நிர்வாகிகள் வட்ட வட்டமாக. தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள். அருமைநாயகத்தின் வட்டம் சற்றே பெரிது. நடுவில் அப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காகக் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த அதே முகம். மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்வீட் கடையின் போன் நம்பரைப் போட்டிருந்தார்கள். அடியில் சிவப்பு எழுத்தில்: ‘துண்டு போட ஓடியதால் உயிரை விட்டேன். நீங்களும் ஓடாதீர்கள்!’

அப்பாவே சொல்வதுபோல.

யாரோ பஸ் ஜன்னலிலிருந்து வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். அது அப்பாவின் மோவாயில் பட்டு வழிந்து காலர் வரை வந்திருந்தது.

பாண்டியின் வண்டிக்குப் போய்க் கத்தியைக் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கொடுத்தான். கயிற்றை அறுத்து மொத்தமாகக் கீழே தள்ளுவதாகத்தான் நினைத்தாள். தூணுக்குப் பக்கத்தில் போனபோது பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

ஃபிளெக்ஸின் பின்பக்கம், காற்று படாத மறைவில், ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ராயகிரிக்குப் போகிற வாழைத்தார்க்காரர், பிழிந்த துணிப் பையோடு ஒரு குடும்பம். சாரல் ஃபிளெக்ஸின் மேல் படபடவென்று அடித்தது. பின்னால் ஒரு துளி இல்லை. அவ்வளவு பெரிய சதுக்கத்தில், அத்தனை எஃகிலும் கிரானைட்டிலும், நனையாத இடம் அது ஒன்றுதான். அப்பாவின் முதுகுப் பக்கம்.

கத்தியைப் பார்த்ததும் ஒருத்தி பதறினாள். “எம்மா, கழட்டப் போறியா? பச்சப்புள்ள இருக்குல்லா. ஒரு பஸ் வாரவரைக்கும் விடு.”

“யாரு படமோ, புண்ணியவான். வச்ச நேரம் நல்ல நேரம்” என்றார் வாழைத்தார்க்காரர்.

நிவேதா நின்றாள். சாரல் அவள் முதுகில் அடித்தது. எழுத்து எங்கே இருக்கிறது, கயிறு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். வேறு எதையும் யோசிக்கவில்லை. கயிறு கோத்த ஓட்டைகள் மேல் விளிம்பில். அங்கே நிர்வாகிகள். அவர்களை வெட்டினால் எல்லாமே விழும். அவர்கள் இருந்தாக வேண்டும். எழுத்து அடியில்.

அடிக் கயிற்றை அவிழ்த்தாள். சிவப்பு எழுத்துக்கு மேலே கத்தியை வைத்து இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். ஃபிளெக்ஸ் துணி நல்ல கட்டி. கை வலித்தது. அறுந்த பட்டை தண்ணீரில் விழுந்தது. காற்றில் ஃபிளெக்ஸ் தூக்கிக்கொண்டு அடிக்க, பின்னால் பிள்ளைகள் கத்தின. இரண்டு தூணிலும் மேல் கயிற்றைக் கீழே இழுத்து இறக்கினாள். கீழ் முனையை மடித்து, கத்தி நுனியால் இரண்டு ஓட்டை போட்டு, அதே கயிற்றைக் கோத்து, தூணோடு இழுத்து இறுகக் கட்டினாள். முதலில் இருந்ததைவிடத் தாழ்ந்து, தரையோடு நின்றது. இப்போது கால்களுக்கும் சாரல் வரவில்லை.

“அந்தத் துண்டுப் பட்டைய இங்கன குடு தாயி, கீழ போட்டு உக்காரலாம்” என்று ஒரு கை நீண்டது. கொடுத்தாள். சிவப்பு எழுத்தின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

குடையோடு அருமைநாயகம் ஓடி வந்தார். “என்னம்மா இது, கிழிச்சிட்டே!”

“நீளம் கூடிப்போச்சு அண்ணாச்சி. காத்துல அடிச்சுக் கிழியும். அளவா வெட்டிக் கட்டியிருக்கேன்.”

அவர் சுற்றிப் பார்த்தார். பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

“எங்க படம்லாம் இருக்குல்லா?”

“இருக்கு.”

“போன் நம்பரு?”

“இருக்கு.”

“அப்போ சரி” என்று குடையைச் சாய்த்துக்கொண்டு போனார். போகிற வழியில் பெஞ்சுக் கம்பியில் தொங்கிய யாரோ ஒருவருடைய ஈரப் பனியன் அவர் தோளில் உரசியது. “சீ” என்று உதறினார்.

செல்போன் அடித்தது. அம்மா.

“ஃபிளெக்ஸ் கட்டிட்டாவளாமே. பாத்தியா?”

“பாத்தேன்.”

“முகம் தெளிவா இருக்கா?”

“இருக்கு.”

“சாரல் அடிக்கோ அங்க?”

“அடிக்கு.”

“முகம் நனையுதா?” என்று கேட்டாள்.

“நனையுதும்மா.”

“துடைச்சு விடு.”

நிவேதாவிடம் துண்டு இல்லை. துப்பட்டாவின் நுனியைப் பிடித்து, முதலில் மோவாயிலிருந்த எச்சிலை அழுத்தித் துடைத்தாள். சிவப்பு கையில் ஒட்டியது. பிறகு கன்னம், மூக்கு, நெற்றி. துடைக்கத் துடைக்க நனைந்தது. ராஜபாளையம் பஸ் நுழைவாயிலில் திரும்ப, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே ஓட்டமாக ஓடினார்கள்.

மேலேயிருந்த அருமைநாயகத்தின் முகத்திலும் எச்சில் தெறித்திருந்தது. எட்டினால் எட்டும் உயரம்தான். அவள் எட்டவில்லை.